விசிறி அசையும் வரை

மாதா கோயிலில் சனத்துக்கு முன்னால் நின்று பாட்டு நடத்துவது லேசுப்பட்ட வேலை என்று யாராவது சொன்னால், அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்துக்குக் கூட்டிவந்து காலைப் பூசையில் நிறுத்திவிட வேண்டும். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொரு வரியையும் ஜவ்வாக இழுப்பார்கள். பின்னால் தூணோரம் நிற்கும் ஆம்பிளைகள் பல்லவி முடிகிற நேரத்தில்தான் வாயைத் திறப்பார்கள். நடுவில் ஒரு குழந்தை வீறிடும். இத்தனை பேரையும் ஒரே சுருதியில் கட்டி இழுக்க வேண்டும், அதுவும் தன்னை யாரும் கவனிக்காதபடி. பாட்டுக்காரன் மேல் கண் போனால் பீடத்திலிருந்து கண் போய்விட்டது என்று அர்த்தம்.

மார்செல் இதை இருபத்திரண்டு வருஷம் செய்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவில் 'சொல்தா', அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்றால் அவர்தான். அவர் கை தூக்கினால் நானூறு பேர் எழுந்திருப்பார்கள், இறக்கினால் உட்காருவார்கள். அந்தக் கையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஆனால் பீரங்கி சும்மா விடுமா? இளவயதில் வாங்கிய வெடிச்சத்தம் அறுபதுக்கு மேல் கணக்குக் கேட்க வந்தது. எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துச் சமாளிப்பார். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது. ஒரு ஞாயிறு, சாமியார் பீடத்தில் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார்செல் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். ஊர் சிரித்தது. உழவர்கரையில் ஒரு காது டாக்டர் மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"பாட்டுக்காரன் காதுல மெஷினா? நாளைக்கே எறக்கி உட்ருவானுங்க" என்று அவர் குதித்தார்.

அவர் மனைவி பொலெத்தான் வழி கண்டுபிடித்தாள். முதல் பெஞ்சின் ஓரத்தில், அவர் கண்ணுக்கு நேராக, பனையோலை விசிறியோடு உட்கார்ந்தாள். விசிறி வேகமானால் பாட்டு இழுக்கிறது என்று பொருள். மோவாய்க்கு உயர்ந்தால் சுருதி ஏறிவிட்டது. மடியில் படுத்தால் அமைதி, கையை அசைக்காதே. மறுபடி அசைந்தால் தொடங்கு. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், போங்கள்! ஊரே அந்தச் சோற்றைத் தின்றது, ஒருவருக்கும் பல்லில் படவில்லை.

பிரூனோவுக்கு மட்டும் பட்டது. கீபோர்டு வாசிக்கும் பையன், கூர்மையான காதுக்காரன். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், தவக்காலக் கடைசி வாரம், புதன்கிழமை ஒத்திகை. தேர்தல் நேரம். கோயில் வாசலில் ஒரு பிரசார வேன் வந்து நின்று அலறியது. எல்லோரும் பாட்டை நிறுத்திக் காதைப் பொத்திக்கொண்டார்கள். மார்செல் மட்டும் கண்ணை மூடி, உருகி உருகிப் பாடிக்கொண்டே இருந்தார்.

அவர் கண்ணைத் திறந்ததும் பிரூனோ எதிரே வந்து நின்றான். "மாமா, வேன் சத்தம் உங்களுக்குக் கேக்கலியா?"

மார்செல் பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "பாடறவனுக்கு வேன் சத்தம் எதுக்குடா?" என்றார் முறைப்பாக.

எல்லோரும் சிரித்தார்கள். பிரூனோ சிரிக்கவில்லை. "பாஸ்கு முடியட்டும், சாமிகிட்ட ஒரு வார்த்த பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அன்று சாயங்காலம் மார்செலுக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய வியாழன் பூசையோடு கீபோர்டை மூடிவிடுவார்கள், பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரை இசைக்கருவி கிடையாது. மற்ற நாளில் காலடியில் அதிரும் ஸ்பீக்கர் பெட்டியாவது தாளம் சொல்லும். பெரிய வெள்ளியன்று அதுவும் இல்லை. விசிறி ஒன்றுதான் கதி.

பொலெத் தட்டை எடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அடுக்களையிலிருந்து நாலு எட்டு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. "என்னாங்க, எடது கை ரெண்டு நாளா வலிக்குது. வெள்ளிக்கெழம வலது கையில விசிறி புடிப்பேன். கொழம்பிடாதீங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"பாஸ்கு முடியட்டும்ங்க. பெரிய வெள்ளிக்கு நான் இல்லன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?"

'பாட்டு கெடக்குது, கெளம்பு' என்று ஒரு வார்த்தை. அவர் வாய் வரைக்கும் வந்தது. பிரூனோவின் முகம் குறுக்கே வந்தது. "சரி, பாஸ்கு முடியட்டும்" என்றார் அவர். பாவி மனுஷன்!

அந்த வருஷம் பெரிய வெள்ளியும் சித்திரை ஒன்றும் ஒரே நாளில் வந்தன. பக்கத்துத் தெருவில் வருஷப் பிறப்புக் கோலம், இங்கே கறுப்புச் சேலை. மூன்று மணி வெயிலில் கோயில் கொதித்தது. கோயில் மணி கட்டிப்போட்டுக் கிடந்தது, அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள். பொலெத் தன் இடத்தில் இருந்தாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டிருந்தாள், வலது கையில் விசிறி. முழங்கால் வலிக்காரி, அதனால் அவள் முட்டி போடுவதில்லை.

இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றைப் பாடத் தொடங்கினார்கள். விசிறி சொன்னபடி மார்செலின் குரல் ஏறியது, இறங்கியது. நடுவில் இரண்டு முறை விசிறி நின்று நின்று அசைந்தது. அவருக்குக் கோபம்தான் வந்தது. 'இன்னிக்குப் பாத்தா அசட்டையா இருப்பா?' என்று பல்லைக் கடித்தார்.

இயேசு உயிர் விடும் இடம் வந்தது. அந்த இடத்தில் பாட்டுக்காரரைத் தவிர எல்லோரும் முழந்தாளிட்டு, தலை கவிழ்ந்து மௌனமாக இருக்க வேண்டும். மார்செலுக்குப் பின்னால் பீடத்தடியில் முழந்தாளிட்டிருக்கும் சாமியார், போதும் என்று தோன்றும்போது லேசாகத் தொண்டையைக் கனைப்பார். மார்செல் கை தூக்குவார். அந்தக் கை எழாமல் ஒருவரும் எழக் கூடாது, சாமியாரும்தான். அது அந்தக் கோயில் வழக்கம். கனைப்பை யார் கேட்டுச் சொல்வது? விசிறிதான்.

மார்செல் கையை இறக்கினார். நானூறு பேர் முழந்தாளிட்டார்கள். விசிறி மடியில் படுத்தது.

அவர் விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை நிமிஷம் போனது. ஒரு நிமிஷம் போனது. விசிறி அசையவில்லை. சாமியார் இன்னும் கனைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். இரண்டு நிமிஷம். பெண்கள் சிலருக்குத் தோள் குலுங்கியது, அழுகிறார்கள். மூன்று நிமிஷம். சனம் இப்படி அடங்கிக் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிமிர்ந்தது. 'பிரூனோ, பாத்துக்கடா!' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். விசிறியைத்தான் பார்த்தார். முக்காட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

விசிறி நழுவித் தரையில் விழுந்தது.

விழுவதற்கு அவர்கள் ஒரு அர்த்தம் வைத்திருக்கவில்லை. மார்செல் குழம்பி நிற்கும்போதே, பொலெத் தன் அருகில் முழந்தாளிட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஜூஸ்தின் மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜூஸ்தின் அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். "மனசு கேக்கலண்ணே, சொல்லிடறேன். 'என்னாங்க, என்னாங்க'ன்னு அண்ணி ரெண்டு தடவ கூப்ட்டாங்க. நாலு பெஞ்சுக்குக் கேட்டுது. நீங்க நேரா அவங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னீங்க. சாமி காரியத்துல அசையக் கூடாதுன்னு இருக்கீங்கன்னு நெனச்சு, நானும் தலையக் குனிஞ்சிக்கிட்டேன்."

அவர் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் படித்தோமா என்று சந்தேகம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை அடக்கம். பாஸ்கு வராததால் பூசை கிடையாது, துக்க மணிகூடக் கிடையாது. வெறும் செபம்தான். சாமியார் சவப்பெட்டிக்கு முன்னால், மார்செலுக்கு நேர் எதிரே நின்று பேசினார். "நேத்து நான் ரெண்டு தடவ கனைச்சேன். அவர் கை எழும்பல. சொந்தப் பெண்டாட்டி கூப்ட்டும் அவர் திரும்பல. ஆண்டவருக்கு முன்னால இப்படி நின்ன ஒருத்தரை நான் பாத்ததில்ல. உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கோயில்ல அவர்தான் நமக்குப் பாட்டு நடத்தணும்."

கூட்டம் தலையாட்டியது. பிரூனோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்று வருஷமாக எதைக் காப்பாற்ற அந்தப் பாடுபட்டாரோ அது இப்போது ஆயுசுக்கும் கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மார்செல் எழுந்தார். அவர் எழுந்ததும், பழக்கதோஷம், கோயிலே எழுந்து நின்றது. பெட்டிக்குள் பொலெத்தின் கையருகே யாரோ அந்த விசிறியை வைத்திருந்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு சனங்களுக்கும் சாமியாருக்கும் நேராகத் திரும்பினார்.

"சாமி, எனக்குக் காது கேக்காது" என்றார்.