அறைக்குள் இருந்த கரிச்சட்டி

சில வருடங்களுக்கு முன், உலு திராமில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். எஸ்.பி.எம். அரசுத் தேர்வு நெருங்கியதால் அறிவியல் பாடத்தை மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். வெளியே மழை விட்டபாடில்லை.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவள் உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று அம்மா ஜன்னலைச் சாத்தி, ஏர்கோனை நிறுத்தி, கதவிடுக்கில் துண்டைக்கூடச் செருகிவிட்டார். தலைக்குக் குளித்ததும் சட்டியில் கரி மூட்டி, சாம்பிராணி போட்டு, முடியை உலர்த்துவது எங்கள் வழக்கம். முடிந்ததும் சட்டி வெளியே போய்விடும். அன்று குழந்தையின் கை சில்லென்று இருந்ததால், அம்மா தணலை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுச் சமைக்கப் போனார்.

அக்கா செனாயில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சும்மா படுத்துக் கிடப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. என் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து கேள்வி கேட்பாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் படித்தபடி மலாயில் கடகடவென்று ஒப்பித்தால் விடமாட்டாள்.

"மனப்பாடம் வேணாம்லா. புரிஞ்சிருந்தா தமிழ்ல சொல்லு" என்பாள்.

அன்று சுவாசப் பாடம். ரத்தத்தில் ஆக்சிஜனுக்குப் போக வேண்டிய இடத்தை எந்த வாயு பிடித்துக்கொள்ளும் என்று கேட்டாள். கார்பன் மோனாக்சைடு என்றேன். பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டாள். நாக்குக் குழறியது.

எனக்கு எரிச்சல் வந்தது. "இப்பதானே சொன்னேன்? தூங்குறியா?"

"தலை வலிக்குது... அது எப்படி வருது, சொல்லு."

காற்றுப் போதாமல் கரி எரிந்தால் வரும் என்று தமிழில் சொன்னேன். மலாயில் எத்தனையோ முறை எழுதிய விடைதான். சொன்ன பிறகுதான் சாத்தியிருந்த கதவையும் அந்தத் துண்டையும் பார்த்தேன்.

கதவைத் தள்ளித் திறந்து ஜன்னலை விரியத் திறந்தேன். அக்கா வாந்தி எடுத்துக் கிடந்தாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. குழந்தை கன்னம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பதுபோலத்தான் இருந்தது. என் சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மா அதைத் தூக்கினார். தலை துவண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் எதுவும் கேட்காமல் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க அம்மா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அக்கா பிழைத்துவிட்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

வந்த சொந்தக்காரர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள், பேய்க்காற்றுச் சேட்டை என்றார்கள். டாக்டர் விளக்கிச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் கேட்டுக்கொண்டார். அக்காவும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ. ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் உன் புத்தகத்துல போட்டிருக்காம்மா?"

"போட்டிருக்கும்மா."

"எங்ககிட்ட யாரும் சொல்லலியே" என்றார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பரீட்சை எழுதினேன், தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். துக்கம் நடந்த வீட்டுக்காரி வந்துவிட்டாள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். தாயும் பிள்ளையும் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஜன்னல் திறந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.