எதை அழுத்தினீங்க?

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அண்ணியிடம்தான் போக வேண்டும். போவதற்கு முன்னால் மானம் மரியாதையைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போவது நல்லது. திரும்பி வரும்போது அதுவாவது மிஞ்சும்.

அண்ணி படித்தது கம்ப்யூட்டர் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பாள். கண் தெரியாதவர்களால் அவளுக்குத் தொல்லை இல்லை. தெரிவதாக நடிப்பவர்கள்தான் தலைவலி. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் பேசுமே என்று பயந்து, காத்திருக்கும் நேரத்திலேயே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களாம். இப்படி நாள் முழுக்கப் புளுகு கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் நாங்களும் போய்ப் புளுகினால் அவள் என்ன செய்வாள்?

கம்ப்யூட்டர் வைத்தியம் அவள் கைக்கு வந்ததற்குக் காரணம் என் அண்ணன். கல்யாணமான புதிதில், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு குதிரைப் பந்தய விளையாட்டை ஓசியில் இறக்கினான். விளையாட்டோடு வைரஸும் வந்தது. ரிப்பேர் கடைக்காரன் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாகக் கொடுத்தான், கல்யாணப் போட்டோ உட்பட. "போட்டோதானே, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா போச்சு" என்றான் அண்ணன். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். மறுநாளிலிருந்து அண்ணி வீடியோ பார்த்து, புத்தகம் பார்த்து, அந்தக் கடைக்காரனையே துளைத்தெடுத்துக் கற்றுக்கொண்டாள். கடைசியில் அவளைத் தெருவில் பார்த்தாலே அவன் ஷட்டரை இழுக்க ஆரம்பித்தான்.

அவளுடைய வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குவாள். திருடன் உள்ளே இருக்கும்போது வாசலைத் திறந்து வைத்தால் கூட்டாளியும் வருவான் என்பது அவள் கட்சி. பிறகு மெஷினுக்குச் சொந்தக்காரரை எதிரில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எதை அழுத்தினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல, அதுவா வந்துச்சு" என்று சொன்னவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். உண்மை வராமல் அண்ணி விரல் வைக்க மாட்டாள். அதில் நியாயம் இருந்தது. எலி எந்தப் பொந்தில் இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்கு வெள்ளையடித்து என்ன பிரயோஜனம்? உண்மை வந்த பிறகு சுறுசுறுப்பாகிவிடுவாள். நோயில்லாத வேறொரு மெஷினில் தயார் செய்த பென்டிரைவைச் சொருகி அலசுவாள். தேறாது என்று பட்டால் மொத்தத்தையும் துடைத்துப் புதிதாக ஏற்றுவாள். பாஸ்வேர்டு ஒவ்வொன்றையும் தன் போனிலிருந்து மாற்றவைப்பாள். எடுத்து வைத்த நகலிலிருந்து பழைய கோப்புகளைத் திரும்பப் போடுவாள்.

இதற்கெல்லாம் அவள் கூலி வாங்குவதில்லை. அதற்குப் பதில் எங்கள் மானத்தை வாங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட உண்மை அன்றே சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும், கூடவே ஒரு பட்டப்பெயரோடு. அண்ணன் 'ஜாக்கி' ஆனான். இலவச குக்கர் கிடைக்கும் என்று ஒரு பொத்தானை அழுத்திய அம்மா 'குக்கர் ராணி'. உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது என்ற செய்தியை நம்பிய சித்தப்பா 'கார் முதலாளி'. அவரிடம் இருப்பது சைக்கிள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணியே சொல்லிவிடுவாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண் என்னோடு பேச ஆசைப்படுவதாகத் திரையில் வந்தது. கூப்பிட்ட மரியாதைக்கு அழுத்தினேன். அன்றிலிருந்து நான் 'மாப்பிள்ளை'. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பால் ஊற்றுபவர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பயந்து வீட்டில் எல்லோரும் மெல்ல மெல்லப் புளுகர்கள் ஆகிக்கொண்டிருந்தோம். அண்ணிக்கு அது தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தும் அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை.

பட்டப்பெயர் இல்லாமல் தப்பித்த ஒரே ஆள் அப்பா. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தவர், ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். விடிந்தால் பறவைகளைப் பதிவு செய்வதுதான் வேலை. குயில், மரங்கொத்தி, மீன்கொத்தி, பெயர் தெரியாத குருவி என்று வருஷக்கணக்காகச் சேர்த்து, கம்ப்யூட்டரில் 'பறவை' என்று ஒரு பெட்டி போட்டு வைத்திருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா கத்தினாலும் திரும்ப மாட்டார். ஹெட்போன் இல்லாதபோதும் திரும்ப மாட்டார். "காரியச் செவிடு" என்பாள் அம்மா. வேண்டியது மட்டும்தான் அவர் காதில் விழும் என்று நாங்களும் முடிவு கட்டியிருந்தோம்.

ஒருநாள் அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டது. பறவைகளின் பெயருக்குப் பின்னால் வாயில் நுழையாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. பணம் கட்டினால் சாவி தருவோம், கட்டாவிட்டால் எல்லாம் அழியும் என்று திரையில் ஒரு மிரட்டல். கட்டிவிடலாமா என்று அண்ணன் இழுத்தான். திருட்டுப் பயல் சாவி கொடுப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம், வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை கேட்பான் என்று அண்ணி அவனை அடக்கினாள்.

அவளிடம் இரண்டு ஹார்டு டிஸ்க் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நகல் எடுப்பாள், அடுத்த ஞாயிறு மற்றதில். எடுத்து முடித்ததும் வயரைக் கழற்றிப் பீரோவில் தன் புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவாள். எப்போதும் சொருகியே இருந்தால் வருகிற வைரஸ் நகலையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று எங்களுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறாள். அதனால் அப்போது அவளுக்குப் பெரிய கவலை இல்லை. மாமனாரைக் கூண்டில் ஏற்றுவதற்குக் கூச்சப்பட்டு, மற்றவர்களைத் துருவுவதுபோல் துருவாமல், மேலோட்டமாகக் கேட்டாள். பார்சல் வந்திருப்பதாக ஒரு மெயில் வந்தது, நேற்று அதைத் தொட்டுவிட்டேன் என்றார் அப்பா. உலகத்தில் பாதிப் பேர் விழுகிற பள்ளம் அது. அண்ணி நம்பிவிட்டாள்.

மெஷினைத் துடைத்து, புதிதாக ஏற்றி, கடைசியாக எடுத்த நகலிலிருந்து பறவைகளைத் திரும்பக் கூண்டில் விட்டாள். அன்றைய சாப்பாட்டில் அவருக்கும் பெயர் வைத்தாள்: 'பார்சல் மாமா'. அப்பா எங்களோடு சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அந்த ஞாயிறு, டிஸ்க்கைச் சொருகி நகல் ஓடவிட்டு அண்ணி துணி காயப்போடப் போனாள். திரும்பி வருவதற்குள் மறுபடி அதே மிரட்டல். இந்தத் தடவை பறவைகளோடு சொருகியிருந்த டிஸ்க்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து 'ஜாக்கி' வீட்டைவிட்டே வெளியே போய்விட்டான். பீரோவில் இன்னும் ஒரே ஒரு டிஸ்க். அதுவும் போனால் அப்பாவின் பறவைகள் எங்கும் இல்லை.

அண்ணி கதவைச் சாத்தினாள். உள்ளே நடந்தது பிற்பாடு அவள் சொல்லி எனக்குத் தெரியும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி பீரோவுக்குள் தலையை விட்டு டிஸ்க்கைத் தேடிக்கொண்டே, எதை அழுத்தினீங்க என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். பதில் இல்லை. இந்த வயதில் என்ன பிடிவாதம் என்று கோபமாகத் திரும்பினாள். அவள் முகம் தெரிந்ததும் அப்பா, "என்னம்மா, ஏதாவது கேட்டியா?" என்றார்.

அண்ணிக்கு என்னவோ உறைத்தது. கையிலிருந்த டிஸ்க் பெட்டியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "வீடு பத்திக்கிச்சு மாமா" என்றாள்.

அப்பா தலையாட்டினார். "ஆமாம்மா" என்றார்.

தான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டதாக அண்ணி சொன்னாள். கடையில் யார் யார் கண்ணையோ நோண்டுகிறோம், ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்குக் காது போனது தெரியவில்லையே என்று அவமானமாக இருந்ததாம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவருக்கு நேர் எதிரில் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"ஒரு டிஸ்க்தான் பாக்கி. எதனால வந்துச்சுன்னு தெரியாம இதைத் தொட்டா, இதுவும் போயிடும் மாமா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டிலேயே காதைச் சோதித்துச் சரிசெய்யும் பயிற்சி, தினமும் செய்தால் பழையபடி கேட்கும் என்று ஒரு விளம்பரம் வந்தது. இலவசம். இறக்கினார். வைரஸைத் தடுக்கும் காவல் மென்பொருள் குறுக்கே நின்று வேண்டாம் என்றது. அதை அணைக்கச் சொல்லி விளம்பரக்காரனே வழி காட்டியிருந்தான், அணைத்தார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அந்த நிரலைப் பறவைப் பெட்டிக்குள்ளேயே ஒளித்து வைத்தார். அதனால்தான் ஒவ்வொரு நகலோடும் அது கூடவே போயிருக்கிறது. அண்ணி துடைத்து எடுத்துத் திரும்பப் போட்டபோது பறவைகளோடு அதுவும் வந்து உட்கார்ந்தது. பார்சல் மெயில் என்று சொன்னது பொய், ஆனால் பயிற்சி பல நாள் ஒன்றும் ஆகாமல் ஓடியதால் வைரஸ் அதில்தான் வந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருநாள் விட்டால் பலன் போய்விடும் என்று எழுதியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமையும் காவலை அணைத்துவிட்டு அதை அழுத்தினார்.

பயிற்சி இதுதான்: அது ஒரு சத்தம் போடும், கேட்டால் 'கேட்கிறது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

"கேட்டுச்சா மாமா?"

"ஒண்ணும் கேக்கல. எல்லாத்துக்கும் கேக்குதுன்னுதான் அழுத்தினேன்." பிறகு, "உங்க காது இளைஞர் காதுன்னு போட்டுச்சு" என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதற்கு மாமா இவ்வளவு ஒளிவு மறைவு என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்னது இதுதான்: "மாடியில அதுங்க பாடுறது இப்ப எனக்குக் கேக்கல. வாய் அசையுறது மட்டும் தெரியுது. இதுல போட்டு சத்தத்தைக் கூட்டினா கேக்குதும்மா. அது மட்டும்தான் கேக்குது."

மெஷினை மறுபடி துடைத்தாள். பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பி, மீதமிருந்த டிஸ்க்கைத் திறந்து, அந்த நிரலைத் தேடிப் பிடித்து முதலில் அழித்தாள். பிறகு பறவைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தாள். முந்தைய ஞாயிறு நகலுக்குப் பிறகு எடுத்த சில பதிவுகள் போயின, மற்றதெல்லாம் வந்தது. ஹெட்போனை மாட்டி அவர் தலையாட்டும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். பார்சல் மாமாவுக்கு என்ன புதுப்பெயர் என்று அம்மாதான் ஆரம்பித்தாள். அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே, அவர் ஒன்றும் அழுத்தவில்லை, தான்தான் அழுத்தியதாகச் சொன்னாள். ஒரே வாரத்தில் இடுப்பு இளைக்க வழி என்று வந்ததாம், மாமாவின் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது தொட்டுவிட்டாளாம்.

எத்தனை வருஷத்துக் கடன் அது. விட்டுவிடுவோமா? அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். 'ஒல்லிக்குச்சி' என்று அம்மா பெயர் வைத்தாள். 'கொடியிடை' என்று நான் திருத்தினேன். எனக்கு அப்போது உண்மை தெரியாது. மாப்பிள்ளை என்று கூப்பிட்ட ஒவ்வொரு நாளுக்கும் சேர்த்து வட்டியோடு சிரித்தேன். அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்தது எங்களுக்கு இன்னும் குஷியாக இருந்தது.

அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். "ஆரம்பிச்சிட்டார் காரியச் செவிடு" என்றாள் அம்மா. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்: அண்ணிதான் அழுத்தினாங்களாம், இடுப்பு இளைக்கிறதுக்கு.

அப்பா அண்ணியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவ இல்ல. நான்தான் அழுத்தினேன். எனக்குக் காது கேக்கல."

அண்ணனின் கை மேஜைமேல் அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா?" என்று அம்மா கேட்டாள். அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் மறுபடி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கும்."

"அப்ப நான் இத்தனை நாளா திட்டினது?"

"பாதி கேக்கல" என்றார். "மீதி, உன் முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. எந்தக் காது கொஞ்சம் தேவலை என்று சைகையில் கேட்டாள். அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.