வலிக்கு என்ற சொல்

பயந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பேசியது எதுவும் விளங்காது.

வலியசாலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், என்னைவிட நாலு வயது மூத்த கார் ஒன்று நாலு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றது. வாங்கியது என் கிறுக்கு. என்ஜினைப் பழுது பார்த்து உள்ளே வைத்தாயிற்று, கிளட்ச் பிளேட்டையும் மாட்டியாயிற்று. மிச்சம் கியர்பாக்ஸ். அதை அடியிலிருந்து தூக்கி, அதன் முன்தண்டை கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நுழைக்க வேண்டும். கரமனை மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். வீட்டில் ரெண்டு பேராகச் செய்கிற வேலை இல்லை, அடுத்த மாதம் ஆளோடு வருகிறேன் என்றார். அடுத்த மாதம் வரை பொறுக்க நான் என்ன ஞானியா? கார்க் கதவுகளைக் கழற்றினேன். உள்ளே குறுக்காக ஓர் இரும்புக் குழாயைக் கொடுத்து, இரண்டு முனையையும் வெளியே கட்டைகள் மேல் நிறுத்தி, அதில் ஒரு செயின் பிளாக்கைத் தொங்கவிட்டேன். நான் காருக்குள் உட்கார்ந்து சங்கிலியை இழுத்தால் காரின் தளத்தில் உள்ள திறப்பு வழியாக கியர்பாக்ஸ் மேலே வரும். அடியில் ஒருவர் படுத்து அதை நேராகப் பிடித்துக்கொடுக்க வேண்டும்.

எனக்குத் தொப்பை. அடியில் போனால் மூச்சு முட்டும் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம். என் மனைவி ஒல்லி. நான் போறேன் என்று அவளே சொன்னாள்.

அவள் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். பிறந்து பத்து நாளான பிள்ளையின் கையில் நூல் மாதிரி ஓடும் நரம்பை விரலால் தடவியே கண்டுபிடித்து ஊசி போடுவாள். மற்றவர்களுக்குக் கிடைக்காவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வலதுகைதான் அன்று என் காருக்கு அடியில் இருந்தது. நான் நாலு ஸ்டாண்டையும் நாலு தடவை ஆட்டிப் பார்த்தேன். அப்போதும் பயம் போகவில்லை.

நான் இங்கேயே, மலையாள நாட்டில் பிறந்தவன். எங்கள் வாயில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும். இழு என்பதற்கு எங்களுக்கு 'வலிக்கு'. அவள் திருநெல்வேலிக்காரி. அங்கே 'வலிக்கு' என்றால் வலிக்கிறது. கல்யாணமான புதிதில் கதவை வலிச்சு அடை என்றேன். கதவுக்கு எங்க வலிக்காம் என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இருபது வருஷமாக வீட்டில் ஓடுகிறது.

அன்றைக்கும் நான்தான் சொன்னேன், மேலே தூக்கணும்னா 'வலிக்கு', நிறுத்தணும்னா 'மதி' என்று. சரி, உங்க பாஷையிலேயே சொல்லுதேன் என்று சிரித்துக்கொண்டே அடியில் நுழைந்தாள்.

வலிக்கு என்றாள், இழுத்தேன். மதி என்றாள், நிறுத்தினேன். இரும்புக் குழாய் முனகியது. உள்ளேயிருந்து எனக்கு அவள் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்க போவேன் என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்கு" என்றாள். குரல் தணிந்திருந்தது. இழுத்தேன். சங்கிலி இறுக்கமாக வந்தது.

"வலிக்கு."

இன்னும் பலமாக இழுத்தேன். என்னமோ சரியில்லை என்று தோன்றியது. பயம் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"வலிச்சிட்டுதானே இருக்கேன்! சும்மா கத்தாத."

அவள் கத்தவே இல்லை. "ஏங்க, கை" என்றாள்.

இடைவெளி பார்க்க விரலை விட்டிருக்கிறாள். கியர்பாக்ஸுக்கும் மேலே உள்ள குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டது. என் முன்னால் இரண்டு சங்கிலிகள் ஒன்றுபோலத் தொங்கின. ஒன்று தூக்கும், மற்றது இறக்கும். அதுவரை நூறு தடவை இழுத்தவனுக்கு எது எது என்று மறந்துவிட்டது. தப்பானதைத் தொட்டால் அந்தக் கை போச்சு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கடக் என்று ஒரு பல் இறங்கியது. பிறகு இன்னொரு பல். அவள் செருப்பு அசைந்தது.

வெளியே வந்தவள் ஆள்காட்டி விரலை யாரோ ஒரு நோயாளியின் விரலைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். ஐஸ் எடுங்க என்றாள். ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

நுனி எலும்பில் கீறல். எலும்பு சேர்ந்துவிடும், தொடு உணர்ச்சி திரும்புமா என்று பார்க்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்த பிறகு தினமும் காலையில் கண்ணை மூடி என் முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்ப்பாள். நான் அவள் முகத்தையே பார்ப்பேன். ஒண்ணும் தெரியல என்பாள். அதன் பிறகு எனக்குத் தோசை இறங்காது. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எத்தனையோ காலைகளுக்குப் பிறகு ஒருநாள் விரல் ஓரிடத்தில் நின்றது. "இந்தா, ஓடுது" என்றாள். நான் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காரை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அரைகுறையாக அது நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். இந்தத் தடவை அவள் மேலே, நான் அடியில். தூக்குவதற்குப் புதுச் சொல் வைத்தோம், 'ஏத்து'.

நெஞ்சுக்கு நேர் மேலே அத்தனை இரும்பு தொங்குவதை அன்றுதான் பார்த்தேன். இதற்கு அடியிலா அவளைப் படுக்க வைத்தேன்? முன்தண்டு நேராக வந்தது, தொட்டது, இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. அவசரத்தில் பிறந்ததிலிருந்து வாயில் இருப்பதுதான் வந்தது.

"வலிக்கு" என்றேன்.

சங்கிலிச் சத்தம் அந்த நொடியே நின்றது. தொம் என்று அவள் காரிலிருந்து குதிப்பது கேட்டது. தரையோடு கன்னத்தை வைத்து உள்ளே பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எங்க? எங்க வலிக்கு?"

எங்கேயும் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.