ஆற்றங்கரையில் கஷ்கா

மெலிஸைப் பேச வைப்பதைவிடக் கல்லைக் கரைப்பது சுலபம் என்று எங்கள் மலை நகரமான நாரினின் பஜாரில் எல்லோரும் சொல்வார்கள். உடைந்த போனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பான், தலையை ஆட்டுவான், "நாளைக்கு" என்பான். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. அப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள் ஜிபார். அவளுக்கு மழலையர் பள்ளியில் சமையல் வேலை. பகலெல்லாம் பிள்ளைகளின் கூச்சல், வீட்டுக்கு வந்தால் இவன். "அங்க காது வலிக்குது, இங்க வாய் வலிக்குது. ரெண்டு பேர் பேச்சையும் நான் ஒருத்தியே பேச வேண்டியிருக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் மனுஷன் ஒரு தடவைகூட வாயைத் திறந்து ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்ற குறை அவளுக்கு உள்ளூர உண்டு.

போன வசந்தத்தில் அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்தது. குதிரைக் கவலை.

முதலில் அவளுடைய அப்பாவின் குதிரையைச் சொல்ல வேண்டும். அட்-பாஷி ஊருக்கு மேலே மலையில் ஆடு மேய்த்தவர் அவர். செம்பழுப்புக் குதிரை ஒன்று வைத்திருந்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குக் கஷ்கா என்று பெயர். ஒரு இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கஷ்காவுக்குப் புல் போட்டவளும் தண்ணீர் காட்டியவளும் ஜிபார்தான். வருஷம் திரும்பியதும் பெரிய விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கு இறந்தவரின் குதிரையைத்தான் அறுக்க வேண்டும், அதுதான் முறை. வேறு குதிரை வாங்கலாமே என்று அவள் பெரியப்பாவிடம் கெஞ்சினாள்.

"ஏம்மா, உங்கப்பன் அந்த உலகத்துக்கு நடந்தே போகணுமா?" என்றார் பெரியப்பா.

 கஷ்காவை அறுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தட்டுத் தட்டாகக் கறி எடுத்து வைத்தாள், தான் வாயில் வைக்கவில்லை. அடுத்த மாதம் நாரினுக்குப் படிக்க வந்தாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

விடுதியில் குளிர் எலும்பைக் கடித்தது. தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் கிளப் இருந்தது, இப்போது அந்த இடத்தில் மருந்துக்கடை. உள்ளே பையன்கள் திரையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஆடப் போகவில்லை. அங்கே கரி அடுப்பு எரிந்ததால் போனாள். கிளப்பைப் பார்த்துக்கொண்ட ஒல்லிப் பையன், அவன்தான் மெலிஸ், அடுப்பை ஒட்டியிருந்த நாற்காலியைக் காட்டினான். அதன் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதில் ஓடியது ஒரே ஒரு விளையாட்டு, 'எல்லைத் தூதன்'.

அதில் சுடுவதற்கு யாரும் கிடையாது. பரந்த புல்வெளி, மேலே காற்று. காவல் சாவடிக்குக் காவல் சாவடி செய்தி கொண்டுபோகும் ஒரு தூதன், அவனுடைய குதிரை. பையன்கள் அதைச் சீண்டவே மாட்டார்கள். அந்தக் குதிரை செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டபோது ஜிபார் 'கஷ்கா' என்று தட்டினாள். தட்டிவிட்டு அழுதாள். மெலிஸ் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவளாகவே அப்பாவையும் குதிரையையும் விருந்தையும் பெரியப்பாவையும் சொல்லித் தீர்த்தாள். அவன் கேட்டுக்கொண்டே அடுப்புக்குக் கரி போட்டான்.

குளிர்காலம் முடிவதற்குள் அவள் விளையாட்டை முடித்துவிட்டாள். கடைசிச் செய்தியைச் சேர்க்கும் முன் தூதன் ஆற்றங்கரையில் இறங்குகிறான், குதிரையை மேயவிடுகிறான், திரை கறுக்கிறது. முடிந்தது. கஷ்கா ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு விடுதிக்கு நடந்தபோது, அப்பா இறந்த பிறகு முதல் தடவையாகத் தன் நெஞ்சில் பாரம் குறைந்திருப்பதை அவள் உணர்ந்தாள்.

ஒரு பெண்பிள்ளை இத்தனை நாள் அதில் உட்கார்ந்து அப்படி என்ன பார்க்கிறாள் என்று பையன்களுக்கு ஆர்வம் வந்தது. அவர்களும் ஆடினார்கள், அப்புறம் சுடுவதை மறந்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வந்தவர்களுக்கெல்லாம் மெலிஸ் அவள் ஆடிய கம்ப்யூட்டரிலிருந்தே சிடி தட்டில் பதிந்து கொடுத்தான். பஜாரில் விற்றதும் அவன் பதிந்ததுதான். அதனால் நாரினில் யார் ஆடினாலும் குதிரைக்குப் பெயர் கஷ்கா. ஒருத்தன் எங்கேடா என்று கேட்டால் "ஆத்தங்கரையில மேயுது" என்று பதில் சொல்வது எங்கள் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் தோக்தோபெக். அப்போது ஓட்டைப் பல் பொடியன். இன்றைக்கு வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்கத் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறான்.

இத்தனை வருஷம் கழித்து 'எல்லைத் தூதன் இரண்டு' வருகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவனும் அவன்தான். "அண்ணி, கஷ்கா திரும்பி வருது" என்று வேனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். ஜிபார் கரண்டியோடு வாசலில் நின்றாள். மறுபடியும் அதன்மேல் ஏறிப் புல்வெளியைச் சுற்றலாம் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது. நாற்பதைத் தாண்டியவள், பெரிய பெண்ணுக்கு வரன் பார்க்கிறவள், சின்னப்பிள்ளை மாதிரி நாளை எண்ண ஆரம்பித்தாள்.

விளம்பர வீடியோ வந்தது. மொட்டைத்தலை முரடன் ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளில் பறந்தான். சுற்றிலும் கட்டடம் எரிந்தது. இவன் யார், நம்ம தூதன் எங்கே என்று தோக்தோபெக் கொதித்தான். விளம்பரத்துக்காக அப்படிப் போட்டிருப்பார்கள், உள்ளே குதிரை இருக்கும் என்று ஜிபார்தான் எல்லோரையும் சமாதானப்படுத்தினாள்.

ஊரில் அதை ஓட்டும் அளவுக்குத் தெம்புள்ள கம்ப்யூட்டர் மெலிஸிடம்தான் இருந்தது. ஆனால் மனுஷன் பிடி கொடுக்கவில்லை. ஒரு நாள் நெட் மெதுவாக இருக்கிறது என்றான், ஒரு நாள் ஏதோ பாகம் சூடாகிறது என்றான், இன்னொரு நாள் சாக்குக்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.  "நான் உங்ககிட்ட இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கேன்?" என்றாள் ஜிபார்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான்.

அன்றைக்குப் பகலில் பழைய கிளப் கூட்டம் முழுக்க அவர்கள் வீட்டில் கூடியது. ஜிபார் போர்சோக் என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்து மலையாகக் குவித்திருந்தாள். முதல் ஆட்டம் அண்ணிக்குத்தான் என்று எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் மொட்டைத்தலையனை ஓட்டினாள். சந்து சந்தாகப் போனாள், சுடச் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் பின்னால் லாயம் இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். புல்வெளியே இல்லை, அப்புறம் லாயம் எங்கிருந்து வரும்? பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருவராகத் திரையை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். போர்சோக் ஆறிக் கிடந்தது. "இத்தன வருஷம் காத்திருந்தது இதுக்கா?" என்று தோக்தோபெக் கேட்டபோது அவன் குரல் உடைந்தது. சிரித்துக் கிண்டல் பண்ண யாருக்கும் மனம் வரவில்லை.

மெலிஸ் கதவோரம் நின்றிருந்தான். அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை, ஒரு நிம்மதிதான் தெரிந்தது. ஜிபாருக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கூட்டமாக உட்கார்ந்து, விளையாட்டைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு புகார் எழுதினார்கள். புல்வெளியை ஏன் எரித்தீர்கள், தூதனை ஏன் ரவுடியாக்கினீர்கள், எல்லாவற்றுக்கும் மேலே, ஆற்றங்கரையில் விட்டுவந்த குதிரையை ஏன் யாரும் போய்க் கூட்டிவரவில்லை? கீழே 'நாரின் நகரத்தார்' என்று போட்டார்கள். தனக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் ஜிபார். 'அது இன்னும் அங்கேதான் நிற்கிறது, பனி வருவதற்குள் போங்கள்.'

இரண்டு நாளில் பதில்கள் குவிந்தன. பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்தக் குதிரை, அது முதல் பாகத்திலேயே செத்துப்போச்சே, முடிவைப் பார்க்காமலா புகார் எழுதினீர்கள் என்று கேட்டார்கள். பொறாமை பிடித்த பயல்கள் கதை கட்டுகிறார்கள் என்று தோக்தோபெக் சவால்விட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் நெட்டில் ஒருத்தருமா பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கஷ்கா எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். தெரிந்ததை எவன் போய்த் தேடுவான்?

பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஜிபார் பதில்களைப் படித்தாள். ஓம்ஸ்க் ஊர்ப் பெண் ஒருத்தி மட்டும் கேலி செய்யாமல் எழுதியிருந்தாள். 'சகோதரி, நானும் அன்றைக்கு அழுதேன். தைரியம் இருந்தால் பாருங்கள்.' கீழே ஒரு வீடியோ. ஓடவிடாமலே அதன் முகப்புப் படம் தெரிந்தது. அதே ஆறு, அதே கரை. கல்லில் தலை சாய்த்து ஒரு குதிரை படுத்திருந்தது, நெற்றியில் சுட்டி.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.  அப்பாவுக்கு வருஷம் முடிந்த அன்று கறித்தட்டோடு நின்ற பெண்ணாகவே மறுபடி ஆகிவிட்டாள். பிறகு ஏதோ உறைத்தது. உடன் வேலை செய்கிறவளிடம் அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கட்டிய ஏப்ரனோடு பஜாருக்கு நடந்தாள்.

மெலிஸ் கடையில் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பழைய விளையாட்டுத் தட்டுல கடைசியில ஒரு வீடியோ இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவன் கை நின்றது. "இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"அழிச்சுட்டேன்."

அவள் நின்றபடியே இருந்தாள். வழக்கம்போல அத்தோடு முடிப்பான் என்று நினைத்தாள். ஆனால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டு அவன் பேசினான்.

"நீ முடிக்கப்போறேன்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னால நான் ஒரு தடவ கடைசி வரைக்கும் ஆடிப் பாத்தேன். குதிரை அங்கேயே செத்துடுது. தூதன் சேணத்தத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போறான். உங்க பெரியப்பா சொன்னத நீ சொல்லியிருந்த. ஒரு தடவ பட்டது போதும்னு தோணுச்சு. அந்த ஃபைல எடுத்துட்டேன். மூலத் தட்ட அடுப்புல போட்டுட்டேன்."

கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு பேசியதில்லை.

"அப்ப எம் பேருகூட உங்களுக்குத் தெரியாதே" என்றாள் ஜிபார்.

"உன் குதிரை பேரு தெரியும்."

"ஊருக்கெல்லாம் அதையே பதிஞ்சு குடுத்தீங்களே?"

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் உன் காதுக்கு வந்துடும்ல."

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. குதிரைக்காகவா இவனுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. இருபது வருஷமாக இவனிடம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் அவளைக் கட்டுவதற்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். "பாவி மனுஷா" என்றாள். அவன் அடுப்புப் பக்கம் கிடந்த முக்காலியை அவளை நோக்கித் தள்ளினான்.

அவள் உட்காருவதற்குள் வெளியே வேன் கிறீச்சிட்டு நின்றது. தோக்தோபெக் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, கஷ்கா செத்துப்போச்சாமே. ஓம்ஸ்க்காரி ஒருத்தி வீடியோ போட்டிருக்காளாம். என் போன்ல தொறக்க மாட்டேங்குது. உங்ககிட்ட இருக்கா?"

ஜிபார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரிய தொப்பையும் தடித்த மீசையுமாக நின்றவனின் கண்ணில் அந்த ஓட்டைப் பல் பொடியன் அப்படியே இருந்தான்.

"இருக்கு, நானும் பாத்தேன்" என்றாள். "அது வேற குதிரை."

"நெத்தியில சுட்டி இருக்குன்னு சொல்றானுங்க."

"சுட்டி இருக்கறதெல்லாம் நம்ம குதிரையா?  நீ சொல்லு, நம்ம கஷ்கா எங்க இருக்கு?"

தோக்தோபெக் அவளைப் பார்த்தான், மெலிஸைப் பார்த்தான். மெலிஸ் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"ஆத்தங்கரையில மேயுது" என்றான் தோக்தோபெக் மெதுவாக. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அப்புறம் என்ன? போப்பா, வண்டியில ஆள் காத்திருக்காங்க."

அவன் போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை ஜிபார் பொறுத்திருந்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து மெலிஸின் மேசைமேல் வைத்தாள்.

"இதையும் அழிச்சுடுங்க" என்றாள்.