குழி வழியாக வந்த புயல்

புயலுக்கு இரண்டு நாள் முன்பு, என் வீட்டு வாசலுக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயரத்தில் நானே ஒரு செங்கல் சுவர் கட்டினேன். அது பிரமாதமாக வேலை செய்தது. வீட்டுக்குள் இருந்த தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை.

என்னைப் போல் அரைகுறையாகப் படித்தவனுக்குப் புயல் என்றால் ஒரு தனி உற்சாகம். அந்த வாரம் முழுக்க எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவில் கையில் போனை வைத்துக்கொண்டு, கிடைத்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். கடல் சூடாக இருக்கிறது. அதன் மேலிருக்கும் ஈரக்காற்று மேலே ஏறுகிறது. காலியான இடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து சுற்றுகிறது. மேலே போன ஆவி குளிர்ந்து நீராகும்போது சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது, அந்தச் சூட்டைத் தின்றே புயல் வளர்கிறது. கரை ஏறியதும் தீனி நின்றுவிடும், காற்று அடங்கிவிடும். ஆனால் தூக்கி வந்த தண்ணீரை எங்காவது இறக்கித்தானே ஆகவேண்டும்? ஆகவே காஞ்சிபுரத்துக்கு ஆபத்து காற்றால் அல்ல, தண்ணீரால் என்றேன். அது அப்படியே பலித்தது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் இருப்பவன். வீட்டில் உருப்படியான வேலை தெரிந்தவர் என் மனைவி. எங்கள் கூடத்தில் இருப்பது குழித்தறி. தரையோரம் உட்கார்ந்து, இடுப்பளவு குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூல், தரைக்கு ஒரு முழம் மேலே கூடம் முழுக்க ஓடும். அன்றைக்கு அதில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முந்தானை மட்டும் பாக்கி. பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம் ஒன்று தங்கள் பெண்ணுக்காகச் சொல்லியிருந்தது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், இன்னும் இரண்டே வாரம். பாவில் தண்ணீர் ஏறினால் அரக்குச் சாயம் இளகி மஞ்சளில் இறங்கிவிடும். வேறொன்று நெய்ய நாள் கிடையாது.

அதைக் காப்பாற்றத்தான் சுவர். பின்வாசலுக்கும் ஒன்று கட்டினேன். குளியலறை ஓட்டையில் சாக்கைத் திணித்து, மேலே கலவையும் பூசினேன். தெருத் தண்ணீர் இதுவரை நம் முதல் படியைக்கூடத் தொட்டதில்லையே என்று மனைவி கேட்டார். இது முன்பு மாதிரிப் புயல் இல்லை என்று பதில் சொன்னேன்.

புயல் வந்தது. ஒரு தகரக் கூரையையும் பாதி முருங்கை மரத்தையும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் எட்டிப் பார்த்தபோது தெருவில் கணுக்கால் தண்ணீர்தான், அதுவும் வடிந்துகொண்டிருந்தது. நான் டீ டம்ளரோடு என் சுவரைத் தாண்டி வெளியே போய், எதிர்வீட்டுக்காரரிடம் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னாங்க, குழியில தண்ணி ஊறிக்கினு இருக்குது."

வெளியிலிருந்து ஒரு சொட்டு வர வழியில்லை என்று திரும்பாமலே சொன்னேன்.

"வெளிய இருந்து இல்லீங்க. கீழ இருந்து."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. புயல் அதைக் கரை வரை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. வாசலில் நின்று புயல் பேசிய ஒரு வாரத்தில் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழி நிரம்பித் தரைக்கு வந்தது. வாசல் திறந்திருந்தால் படி வழியாகத் தெருவுக்கு இறங்கிப் போயிருக்கும். பாவு பக்கம் தலைவைத்தும் படுத்திருக்காது. இப்போது போக வழியில்லாமல் கூடத்தில் ஏற ஆரம்பித்தது. நான் வாளியால் மொண்டு சுவருக்கு மேலே வீசினேன். நான் ஒரு வாளி வீசினால் குழி இரண்டு வாளி கொடுத்தது. பாவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தெருமுனைக் கொத்தனாரைக் கூட்டி வந்தார். சர்ச்சுக்குக் கிளம்பிய மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். நாலு அடி போட்ட பிறகு நிமிர்ந்தார்.

"கலவை என்னா கணக்கு சார் போட்டீங்க?"

"ஒண்ணுக்கு மூணு."

"ஏரி மதகுக்குப் போடுறது சார் அது." மறுபடி ஓங்கினார். "குளத்துல எந்த மட்டமோ, குழியிலயும் அந்த மட்டத்துக்குத்தான் வரப் பாக்கும். நாங்க ட்யூப்புல தண்ணி வுட்டு மட்டம் பாக்குறோமே, அதேதான்."

நூலகத்தில் அதை விளக்கும் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சுவர் விழுந்தது. தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்து, கூடத்தில் மட்டம் இறங்கியது. ஆனால் குழி தளும்பியே நின்றது, குளம் வற்றும்வரை நிற்கும். முந்தானையை யார் எங்கே உட்கார்ந்து நெய்வது? வீட்டில் தெலுங்கு பேசும் எதிர்வீட்டுக்காரரின் மனைவி, என் மனைவியை அண்ணி முறை வைத்து, ஒரு வார்த்தைதான் சொன்னார்: "எத்துக்கினு வா வதினா, எங்க தறி சும்மாதான் இருக்குது." அது சும்மா இல்லை. மறுநாள் அதில் புதுப் பாவு ஏற்ற இருந்தார்கள். அவர்கள் குழியில் ஈரம்கூட இல்லை. குளம் எங்கள் பக்கம்தான்.

பாவைச் சுருட்டி, இழைகள் கோத்த விழுதும் அச்சும் கலையாமல், பாவும் புடவையும் சுற்றியிருந்த இரண்டு உருட்டுக் கட்டைகளிலும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்: கொத்தனார், எதிர்வீட்டுத் தம்பதி, என் மனைவி. நானும் ஒரு முனையை நோக்கிப் போனேன். "நீங்க கொட புடிங்க, அது போதும்," என்றார் மனைவி. தெருவோர மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே கணுக்கால் தண்ணீரில், பெருமாள் புறப்பாடு மாதிரி நிதானமாக, தெருவைக் கடந்தோம். தோளில் கொத்தனாரின் வெள்ளைச் சட்டை, கையில் குடை. என் வாழ்நாளில் இவ்வளவு பொறுப்பாக எதையும் பிடித்ததில்லை.

ஏழு நாள் என் மனைவி அந்த வீட்டில் உட்கார்ந்து நெய்தார். மதியச் சோறும் அங்கேதான். மூன்றாம் நாளிலிருந்து எனக்கும். என் சுவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சர்ச் ஆராதனையைத் தவறவிட்ட கொத்தனார், அன்று சாயங்காலமே வந்து செங்கல் துண்டுகளைப் பொறுக்கி என் படியைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். புயல் எப்படி உருவாகிறது என்று எனக்கு இப்போதும் சரளமாகச் சொல்லத் தெரியும். இந்த மாதிரி மனிதர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று தெரியாது. அவர்கள் இருக்கும் தெருவில் வாடகைக்கு வீடு கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு பெண்ணின் அம்மா வந்தார். புடவையை மடியில் விரித்து, கரையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. கடல் சூட்டில் ஆரம்பித்து, குளம், குழி, சுவர், சம்மட்டி, குடை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பொடவ நனஞ்சுதா?"

"நனையலைங்க."

"அப்ப கவர்ல போட்டுக் குடுங்க," என்றார். "பஸ்ஸு போயிடும்."