எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்

மலாயாவுல, லகாட் பக்கத்துல ஒரு ரப்பர்த் தோட்டத்துல நான் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டிக்கிட்டிருந்த காலம் அது. வயசானவங்களைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சோதிச்சுப் பாக்கப்போறாரு, வேலைக்கு ஆகாதவங்களைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே அனுப்பிடுவாங்கன்னு நாங்க குடியிருந்த லயத்து வீடெல்லாம் ஒரே பேச்சு. புருசன் போய்ச் சேந்துட்டாரு. இருக்கிற ஒரே மக இந்தத் தோட்டத்துலதான் வாக்கப்பட்டிருக்கா. ஊருல போயி யாரு மூஞ்சில முழிக்கிறது?

அன்னையிலேருந்து லயத்துல ஒரு கெழடுகட்டைக்கும் நோவு கிடையாது! மூட்டுவலின்னு மொனகிக்கிட்டிருந்தவங்க எல்லாம் நிமிந்து நடந்தாங்க. யாரைக் கேட்டாலும், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் புத்தி தடுமாறுது." நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

இன்னிக்கு வெட்டின மரத்துக்கு மறுநாள் ஓய்வு விடணும். அதுக்காக ஆளுக்கு ரெண்டு நெரை மரம், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தி மாத்தி வெட்டணும். ஒரு காலையில உளியைப் பட்டையில வச்சு விறுவிறுன்னு இழுத்துக்கிட்டிருக்கேன், அடுத்த நெரைக்காரி ஓடிவந்தா. "ஐயையோ அக்கா, நேத்து வெட்டின மரத்தையே வெட்டுறீங்களே!"

"யாருக்குடி மறதி? உன் சோலியைப் பாரு!"ன்னு சீறினேன். கோவம் ஆறினப்புறம் பாத்தா, நேத்து வெட்டின பட்டை இன்னும் காயவே இல்ல. விசயம் கங்காணி காதுக்கும் போயிருச்சு.

சோதனை அன்னிக்குப் பெரட்டுல, தெனம் காலையில ஆள் கணக்கெடுக்கிற எடத்துல, கெழடுங்க எல்லாரையும் வரிசையா நிறுத்தினாங்க. எனக்கு முன்னாடி நின்ன பெரியவரு, "கல்லு மாதிரி இருக்கேன் ஐயா"ன்னாரு. சொல்லி முடிக்கல, இருமல் வந்து ஆளை ரெண்டா மடக்கிருச்சு. ஒதுக்கி நிறுத்திட்டாங்க. அப்பவே முடிவு பண்ணினேன், உள்ளதைச் சொல்லித்தான் மல்லுக்கட்டணும்னு.

"ஒடம்பு எப்படிம்மா?"ன்னாரு டிரஸ்ஸர்.

"கை காலு கெட்டியா இருக்கு ஐயா. மண்வெட்டி குடுத்தா நாள் பூரா வெட்டுவேன். ஆனா மறதி வந்திருச்சு. இனிமே மரம் வெட்ட நான் லாயக்கில்ல."

கங்காணி குறுக்க பாஞ்சாரு. "அவளே ஒத்துக்கிட்டா ஐயா, கப்பலேத்திருங்க!"

"ஏத்துங்களேன்!"னேன். "எறங்கினதும் எந்தப் பக்கம் போறதுன்னு யாரு சொல்லுவா? பொறந்த ஊரு பேரே சட்டுனு வாயில வரமாட்டேங்குது. மக வீட்டுக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்."

"புல்லு வெட்டப் போ"ன்னாரு டிரஸ்ஸர்.

சம்பளம் கொறைச்சல்தான். போகட்டும்! உளியைக் கங்காணி கையில குடுத்துட்டு மண்வெட்டியை எடுத்தேன். மக ஓடிவந்து, "எதுக்கும்மா எல்லார் முன்னாடியும் மறதின்னு சொன்னே?"ன்னு அழுதா.

"ஒருநாள் உன்னையும் மறந்து நிப்பேன்டி. அப்ப நான் யாருன்னு நீதான் எனக்குச் சொல்லணும். அதுக்குத்தான் இங்க இருக்கேன்"னேன்.