சாக்ஸைக் கழற்றச் சொல்லும் டாக்டர்

உங்கள் மாமனாரின் கால்விரல்களை என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் வம்சத்தைப் பற்றி எந்தத் தைரியத்தில் பேசுகிறீர்கள்?

ஒரு பெரிய மருத்துவமனையின் மரபியல் டாக்டர் பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர்களின் பாதங்களைப் பார்ப்பார். கல்யாண வீட்டில் மணமக்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கால்களைப் பார்த்து முடித்திருப்பார். அவருடைய அறைக்குள் போன யாரும் செருப்பைக் கழற்றாமல் திரும்ப முடியாது. வாசலில் காவலாளி வருகிறவர்களை எச்சரிப்பார்: "கால் டாக்டர்கிட்டயா? சாக்ஸ்ல ஓட்டை இருந்தா இப்பவே வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்துடுங்க."

பட்டப்பெயர் டாக்டருக்குத் தெரியும். "வாய் டாக்டர்னு வைக்காம விட்டாங்களே" என்று ஆறுதல்பட்டுக்கொள்வார். அந்த வாய்க்குப் பயந்து மருத்துவமனைத் தலைவரே படிக்கட்டில் திசை மாறுவார்.

அன்று வந்த குடும்பத்தில் பேசியது ஒரே ஆள், மாமனார். பளபளக்கும் ஷூ, முழங்கால்வரை கறுப்புச் சாக்ஸ். பின்னால் அவர் மனைவி, மகன். கடைசியில், கைக்குழந்தையோடு தையல்காரியான மருமகள். குழந்தையின் கைகள் இரண்டும் துணி உறைக்குள் இருந்தன. டாக்டர் உறைகளைக் கழற்றினார். நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. நடுவே இன்னொரு விரல் ஒளிந்திருந்தது.

"ஏழாம் மாசம் வரைக்கும் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கல டாக்டரம்மா" என்றார் மாமனார். "இவ துணியைத் தச்சா, உள்ள பிள்ளைக்கு விரல் தச்சுக்கிச்சு. மிஷினைப் பூட்டிட்டேன். எங்க வம்சத்துல இதெல்லாம் கிடையாது. இவளை அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பறதாத்தான் பேச்சு."

மகன் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குழந்தை சற்று வித்தியாசமாகப் பிறந்துவிட்டால் போதும், வீட்டில் எல்லாரும் நீதிபதிகள் ஆகிவிடுகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது மட்டும் எப்போதும் தாய்தான்.

டாக்டர் சுவரில் இருந்த ஒரு படத்தைத் தட்டினார். பெரிதாக்கிய பழ ஈ. தலையில் உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கால்கள்.

"இந்த ஈயோட அம்மா எந்த மிஷின்ல தச்சா சார்?"

மாமனார் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"கட்டடம் கட்டற இடத்துல மேஸ்திரி இருப்பாருல்ல? அதே மாதிரி கருவுக்குள்ள சில புரதங்க இருக்கு. ஹோமியோடொமைன் புரதம்னு பேரு. டி.என்.ஏ.வைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, எந்த ஜீன் எங்க வேலை பாக்கணும், எது சும்மா இருக்கணும்னு அதட்டும். இங்க விரல் வரணும், இங்க இடைவெளி வரணும், எல்லாம் அதோட உத்தரவு. இந்த ஈயில மேஸ்திரி தப்பான இடத்துல நின்னுட்டாரு; தலையில கால் முளைச்சிருச்சு. உங்க பேரனுக்குக் கையில நிக்கவேண்டிய மேஸ்திரிக்கே கோளாறு இருக்கலாம். ரெண்டாம் மாசத்துலயே விரல் பிரிஞ்சாகணும். ஏழாம் மாசம் இவ மிஷின்ல உக்காந்தா என்ன, விமானம் ஓட்டினா என்ன?"

மருமகள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இது பெரும்பாலும் அப்பாகிட்டயிருந்தோ அம்மாகிட்டயிருந்தோ வரும். ஒருத்தருக்கு நல்லாத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாமலே போயிடும். எல்லாரும் செருப்பு, சாக்ஸைக் கழட்டுங்க."

மருமகளின் கையும் காலும் குறையில்லாமல் இருந்தன. மகனின் சுண்டுவிரல்கள் லேசாக வளைந்திருந்தன. மாமனார் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைத் தொடவில்லை.

"எனக்குக் குளிர் ஆகாது டாக்டரம்மா."

"ஆமா டாக்டர்" என்றாள் அவர் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து சாக்ஸோடதான் தூங்குவாரு. குளிக்கும்போதாவது கழட்டுவீங்கள்ல?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்ததாலதான மாமா இங்க வந்து நிக்கறோம்?" என்று குறுக்கே சொன்னது மருமகள். சொன்ன பிறகு அவளே பயந்துபோனாள். டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார்.

சாக்ஸ் மெல்ல இறங்கியது. நாலாவது விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருக்க, இரண்டுக்கும் நடுவே இன்னொரு விரல், கூட்டமான பேருந்தில் இடம் பிடித்தவனைப் போல நசுங்கி உட்கார்ந்திருந்தது.

மகன் மின்விசிறியை விட்டுக் கீழே பார்த்தான்.

"எங்கம்மாவையும்..." என்றார் பெரியவர். "எங்கம்மாவையும் இப்படித்தான் பேசினாங்க. அவங்களுக்குத் தையலே தெரியாது."

"உங்க தப்பும் இல்ல சார்" என்றார் டாக்டர். அன்று அவர் குரல் இறங்கியது அப்போது மட்டும்தான். "ரத்தப் பரிசோதனையில உறுதி பண்ணிக்கலாம். குழந்தை விரலைப் பிரிக்க ஆப்பரேஷன் இருக்கு. ஆனா விரலை மூடி வச்சது போதும். ரெண்டு பேருக்கும்தான்."

மனைவி கணவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

அவர் பைக்குள் கைவிட்டார். முதலில் வந்தது அவசரத்தில் அங்கே திணித்திருந்த சாக்ஸ். பிறகு தையல் மிஷினின் சாவி. மனைவி இரண்டையும் வாங்கினாள். சாவியை மருமகள் கையில் வைத்தாள். சாக்ஸைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

உங்கள் வீட்டுத் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு அதன் தாயை ஏதாவது சொல்ல வாயெடுக்கிறீர்களா? தயவுசெய்து முதலில் உங்கள் சாக்ஸைக் கழற்றுங்கள்.